அப்பாவோட கையெழுத்து

சம்பாவுக்கு ரெண்டாம் களை எடுத்து முடிச்சாச்சு. ரெண்டு நாளா மழை விட்டு விட்டுப் பெய்யுது, வயல்ல இறங்க முடியாது. ரொம்ப நாளாத் தள்ளிப் போட்ட ஒரு விஷயத்தை இன்னிக்கு எழுதிடறேன். தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு தம்பி, சென்னையில கம்ப்யூட்டர் வேலை, டீக்கடையில என்னைத் தனியாக் கூப்பிட்டு, "மாமா, எங்கப்பா ஒரே கேள்விய பத்து வாட்டி கேக்குறாரு. நிலம், பேங்க்கு எல்லாம் அவர் பேருலதான் இருக்கு. உங்க வீட்டுல நீங்க என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டார். டீக்கடையில நின்னு சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதான் இங்கே எழுதறேன்.

எங்க ஊர் ஒரத்தநாடு பக்கம், கல்லணைக் கால்வாய்ப் பாசனம். நாங்க புது ஆறுன்னு சொல்வோம். 2023 ஆடி மாசம், ஒரு விடியக்காலை அப்பா மண்வெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார். எண்பது வயசு அவருக்கு. வயலுக்குப் போறது புதுசு இல்லையே, நானும் கண்டுக்கலை. ஏழு மணிக்குப் பக்கத்து வயல்காரர் வந்து, "அண்ணே, பெரியப்பா எங்க வயலுக்குத் தண்ணி கட்டிட்டு வரப்புல உக்காந்திருக்காரு. எழுந்து வாங்கன்னா, என் வயலை விட்டு நான் எங்கடா போறதுன்னு சண்டைக்கு வர்றாரு"ன்னு சொன்னார்.

அந்த ரெண்டு மா நிலத்தை 2004ல அம்மா ஆபரேஷனுக்காக நாங்க வித்துட்டோம். அப்பாதான் முன்னாடி நின்னு கையெழுத்துப் போட்டார். வித்தது அவருக்குச் சுத்தமா ஞாபகத்துல இல்லை. அம்மா செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததும், "உங்கம்மாகிட்ட காபி போடச் சொல்லு"ன்னார்.

தஞ்சாவூர்ல டாக்டர்கிட்ட காட்டினோம். ரத்தம் எடுத்து பி12, தைராய்டு பார்த்தாங்க, தலைக்கு ஸ்கேன் எடுத்தாங்க. சத்துக் குறைவாலயும் தைராய்டாலயும் வர்ற மறதின்னா மருந்துல சரி பண்ண வாய்ப்பிருக்கு, அதை முதல்ல பார்த்துடணும்னு சொன்னாங்க. அப்பாவுக்கு அதெல்லாம் சரியாத்தான் இருந்தது. அப்புறம் டாக்டரம்மா கேள்வி கேட்டாங்க. இது என்ன மாசம்னதுக்கு "ஆவணி"ன்னு டக்குனு சொன்னார். என்ன வருஷம்னதுக்கு என்னைத் திரும்பிப் பார்த்தார். கடிகாரம் வரையச் சொன்னதுக்கு வட்டம் போட்டார், நம்பர் எல்லாம் ஒரே பக்கமா நெருக்கி எழுதினார். "டிமென்ஷியா, ஆரம்ப நிலை"ன்னாங்க. மாத்திரை எழுதிட்டு, என்னைத் தனியா வெச்சு, "சொத்து, பேங்க்கு விஷயம் ஏதாவது இருந்தா இப்பவே பேசி முடிச்சுக்குங்க. இன்னும் ஒரு வருஷம் கழிச்சு முடியாமப் போகலாம்"னும் சொன்னாங்க.

எனக்குக் கோபம் வந்தது. மனுஷன் உயிரோட உக்காந்திருக்கார், சொத்தைப் பத்திப் பேசுன்னா எப்படி? கிராமத்துல அப்பன்கிட்ட போயி "எழுதி வையி"ன்னு கேட்டா, "சாவை எதிர்பார்க்கிறான்"ன்னுதான் பேசுவாங்க. பேசலை. எட்டு மாசம் அப்படியே போயிடுச்சு.

2024 பங்குனியில கூட்டுறவு சங்கத்துக் கடனைப் புதுப்பிக்கப் போனோம். சிட்டா, அடங்கல் எல்லாம் எடுத்தாச்சு. அப்பா கையெழுத்துப் போட்டார். பழைய பேப்பர்ல இருந்த கையெழுத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. அதிகாரி நல்ல மனுஷன். "பெரியவரே, எதுக்குக் கையெழுத்துப் போடுறீங்க தெரியுதா?"ன்னு கேட்டார். அப்பா, "ஓட்டுப் போட வந்தேன்"ன்னார். அதிகாரி பேப்பரை மடிச்சு எங்கிட்டயே கொடுத்துட்டார். அந்த வருஷம் வீட்டுக்காரி நகையை அடகு வெச்சுத்தான் நடவு போட்டோம்.

வெளியே வந்தா, எங்க உறவுக்காரர் ஒருத்தர், "இதுக்கு ஏன்டா அலையுற? ராத்திரி தூங்கறப்ப கைநாட்டு வாங்கிக்க. எல்லாத்தையும் உன் பேருக்கு மாத்திக்கிட்டா ஒருத்தனையும் கேக்க வேண்டாம்"னார். சத்தியமாச் சொல்றேன், அன்னிக்கு ராத்திரி அதை நான் யோசிச்சேன். வேண்டாம்னு உடனே உதறித் தள்ளிட்டேன்னு எழுதினா அது பொய்.

திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கிற தம்பிக்கு போன் போட்டேன். அவன் சொன்னது வேற. "அண்ணே, அப்பாகிட்ட ஒரு பவர் எழுதி வாங்கிக்குவோம். அப்புறம் அவருக்கு என்ன ஆனாலும் நாம பாத்துக்கலாம்." எனக்கும் அது சரின்னு பட்டது. பட்டுக்கோட்டையில தெரிஞ்ச வக்கீல்கிட்ட போனோம்.

வக்கீல் சொன்னதை எழுதறேன், பட்டணத்துல இருக்கிற உங்கள்ல நிறையப் பேர் இதையேதான் நம்பிக்கிட்டு இருப்பீங்க. "பவர் குடுத்தவருக்குப் புத்தித் தெளிவு இருக்கிற வரைக்கும்தான் பவருக்கு உயிர். 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 201வது பிரிவு. குடுத்தவர் செத்தாலும் முடிஞ்சுது, சித்தம் கலங்கினாலும் முடிஞ்சுது. மறதி முத்தின பிறகு உதவும்னுதானே கேக்குறீங்க? அந்த நேரத்துலதான் அது செல்லாது."

கைநாட்டு யோசனையையும் சொன்னேன், வேற யாரோ சொன்ன மாதிரி. அவர் சிரிக்கலை. "விவரம் புரியாதவர்கிட்ட வாங்குற பத்திரம் நிக்காது. நாளைக்கு உங்க அக்காவோ தம்பியோ கோர்ட்டுக்குப் போனா, ஆஸ்பத்திரி சீட்டை வெச்சே உடைச்சிடலாம். அது கிடக்கட்டும், உங்களுக்கு அவர் அப்பா"ன்னார்.

அப்ப என்னதான் வழின்னு கேட்டேன். ஆரம்ப நிலைன்னா உயில் எழுதலாம்னார். டிமென்ஷியான்னு சீட்டு எழுதின அன்னிக்கே ஒருத்தருக்கு எழுதற உரிமை போயிடாது. எழுதற நேரத்துல, தன்கிட்ட என்ன இருக்கு, தனக்கு யார் யார் இருக்காங்க, யாருக்கு என்ன கொடுக்கிறோம்னு தெரிஞ்சா போதும். வாரிசுரிமைச் சட்டத்துலயே, சித்தம் தெளிவா இருக்கிற இடைவேளையில எழுதினா செல்லும்னு இருக்காம். ரெண்டு பேர் சாட்சி போடணும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாளே போதும். பதிவு பண்ணணும்னு கட்டாயமும் இல்லை. ஆனா மறதி இருக்கிறவர் விஷயத்துல பதிவு பண்ணி, அன்னிக்கே டாக்டர்கிட்ட சர்ட்டிபிகேட்டும் வாங்கி வெச்சா பின்னாடி சண்டை வராதுன்னார்.

உயிரோட இருக்கும்போதே செட்டில்மெண்ட் எழுதலாமான்னும் கேட்டேன். எழுதலாம், ஆனா எழுதின உடனே நிலம் கை மாறிடும், அவர் வெறுங்கையாயிடுவார். அப்படியே எழுதினாலும், அவர் காலம் வரைக்கும் அனுபவிக்கிற உரிமை அவருக்கேன்னும், அவரைப் பராமரிக்கணும்னும் பத்திரத்துலயே எழுதணும். பராமரிப்பு நிபந்தனை இருந்து, பிள்ளை பார்க்காம விட்டா, 2007ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்துல ஆர்.டி.ஓ.கிட்ட மனு போட்டு அந்தப் பத்திரத்தை ரத்து பண்ண வழி இருக்கு. எங்களுக்கு உயிலே போதும்னு முடிவு பண்ணினோம்.

அதுக்கு முன்னாடி இன்னொண்ணும் சொன்னார். எங்களுக்கு மொத்தம் ஒன்பது மா, அதாவது மூணு ஏக்கர். அதுல ஆறு மா தாத்தா வழி வந்தது. மூணு மா அப்பா சம்பாதிச்சு 1986ல வாங்கினது, போர் இருக்கிற நிலம். வாங்கினதை அவர் யாருக்கு வேணா எழுதலாம். பூர்வீகத்துல தன் பங்கை மட்டும்தான் எழுத முடியும். "பூர்வீகத்துல உங்க அக்காவுக்கும் உங்க மாதிரியே சரி பங்கு"ன்னார். அக்காவுக்குக் கல்யாணம் ஆனது 1988ல. தமிழ்நாட்டுல பொண்ணுங்களுக்குப் பங்குன்னு 1989ல சட்டம் வந்தப்ப, அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்குக் கிடையாதுன்னு வெச்சிருந்தாங்க. நான் அதோட நின்னுட்டேன். 2005ல மத்திய சட்டம் அந்த வேலியை எடுத்துடுச்சாம். இருபது வருஷமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க விருப்பமும் இல்லைன்னுதான் சொல்லணும்.

வைகாசியில அக்கா, தம்பி ரெண்டு பேரையும் வரச் சொன்னேன். அப்பாவுக்குக் காலையில எட்டுலேர்ந்து பத்து மணி வரைக்கும்தான் தெளிவு இருக்கும். பொழுது சாய்ஞ்சா வேற ஆளாயிடுவார். அதனால வக்கீலையும் காலையிலேயே வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். அவர் எங்க மூணு பேரையும் வாசலுக்குப் போகச் சொல்லிட்டு, அப்பாகிட்ட திண்ணையில தனியாப் பேசினார். பிள்ளைங்க நிக்கிற இடத்துல பெரியவங்க வாயிலேர்ந்து அவங்க நினைக்கிறது வராதாம். அரை மணி நேரம் ஆச்சு. நாங்க மாட்டுக் கொட்டகையில உக்காந்திருந்தோம்.

அப்புறம் கூப்பிட்டு, அப்பாவையே சொல்லச் சொன்னார். அப்பா என்னைப் பார்க்கலை. "போரு நெலம் மூணு மாவும் எம்பொண்ணுக்கு. அவ வளையல கழட்டிக் குடுத்துத்தான் போரு எறக்கினேன். மத்ததுல என் பங்கு இந்த ரெண்டு பயலுக்கும்"னார்.

1998ல நடந்தது அது. முதல் குழாய் இறக்கி தண்ணி வராம, காசும் தீர்ந்து போய் அப்பா படுத்துட்டார். அக்கா மாமியார் வீட்டுக்குத் தெரியாம நாலு வளையலைக் கொண்டாந்து கொடுத்தா. திருப்பி மீட்டுக் கொடுக்கவே இல்லை. அம்மா செத்ததை மறந்தவர், நிலம் வித்ததை மறந்தவர், வருஷத்தை மறந்தவர், வளையலை மறக்கலை.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னு மறைக்காம எழுதறேன். அந்த மூணு மாவுலதான் என் உழைப்பு முழுக்கக் கிடக்கு. கோடையில உளுந்து, எள்ளு, மழை ஏமாத்தினா நாத்தங்கால் எல்லாம் அந்தப் போர்த் தண்ணிதான். இருபது வருஷத்துல மூணு தடவை மோட்டார் மாத்தினது நான். அது எனக்குத்தான்னு யாரும் சொல்லாமலேயே நானா நம்பிக்கிட்டிருந்தேன்.

அப்ப ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. "அப்பாவுக்கு ஞாபகம் சரியில்லைங்க, ஏதோ சொல்றாரு, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்." இவ்வளவுதான். சொல்லியிருந்தா யாரும் என்னைத் தப்பு சொல்லியிருக்க மாட்டாங்க. சீட்டு இருக்கு, ஸ்கேன் இருக்கு. இன்னும் ஆறு மாசம் தள்ளியிருந்தா அவரால சொல்லவே முடியாமப் போயிருக்கும். வெளியாள் வந்து அப்பாவை ஏமாத்திடுவானோன்னு பயந்துதான் வக்கீல்கிட்ட போனேன். அந்த ஆள் நானாவும் இருக்கலாம்னு கொட்டகையில உக்காந்திருந்தப்பகூட நினைக்கலை.

வக்கீல் என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தார். "எழுதுங்க"ன்னேன்.

அக்கா அழுதா. நிலத்துக்காக இல்லை. "வளையலை ஞாபகம் வெச்சிருக்காரு தம்பி"ன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தா.

ஆனி மாசம் பதிவு. நடக்க முடியாதவங்களுக்கு மனு கொடுத்தா சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு பண்றதுக்கும் சட்டத்துல இடம் இருக்கு. அப்பா நடப்பார், அதனால கூட்டிட்டே போனோம். டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கினோம். சாட்சிக்குப் பங்கு இல்லாத ரெண்டு பேர், ஒருத்தர் அப்பாவோட படிச்சவர், இன்னொருத்தர் ரிட்டயர்டு வாத்தியார். பதிவாளர், "பெரியவரே, என்ன எழுதியிருக்கீங்க?"ன்னு கேட்டார். அப்பா திண்ணையில சொன்னதையே சொன்னார். கட்டைவிரல் வைக்கிறதோட நிக்காம, பேனாவை வாங்கிப் பேரையும் எழுதினார். ஒரு எழுத்து விட்டுப் போச்சு, திரும்பப் பார்த்து நடுவுல சேர்த்தார். நாலு நிமிஷம் ஆகியிருக்கும். பின்னாடி வரிசையில நின்னவங்க யாரும் முணுமுணுக்கலை.

அதே வாரம் ஊர் பேங்க்ல இருந்த சேமிப்புக் கணக்கை அப்பா பேரும் என் பேரும் சேர்த்து, ரெண்டு பேர்ல யார் ஒருத்தரும் எடுக்கலாம்ங்கிற மாதிரி மாத்தினோம். பி.எம். கிசான் பணம் வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூணு தவணையா அதுலதான் வருது. மாத்திரைக்கு உதவுது.

எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சோம். 2025 தை மாசம் வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறப்ப, பழைய பஞ்சாங்கத்துக்குள்ள ஒரு டெபாசிட் ரசீது கிடைச்சது. வேற ஒரு பேங்க், டவுன்ல. ஒரு லட்சத்து எண்பதாயிரம். அப்பா யாருக்கும் சொல்லலை. நாமினி அம்மா, அவங்க இல்லை. அம்மா இருந்திருந்தாலும் நாமினிங்கிறது போட்டவர் செத்த பிறகுதான். உயிரோட இருக்கிறவர் பணத்தை நாமினி தொட முடியாது. இதுவும் எனக்கு அப்பத்தான் தெரியும். அதுக்குள்ள அப்பா கையெழுத்துங்கிற சொல்லையே மறந்துட்டார். பேனாவைக் கொடுத்தா சட்டைப்பையில சொருகிக்கிறார். பேங்க்ல, கோர்ட்டுல காப்பாளர்னு உத்தரவு வாங்கிட்டு வாங்கன்னுட்டாங்க.

வக்கீல்கிட்ட திரும்பப் போனேன். 1987ம் வருஷத்து பழைய மனநலச் சட்டத்துல, இந்த மாதிரி ஆளோட சொத்தைப் பார்த்துக்க மாவட்டக் கோர்ட்டே ஒருத்தரைப் போடறதுக்கு வழி இருந்ததாம். 2017ல வந்த புதுச் சட்டத்துல வைத்தியத்துக்குப் பிரதிநிதியை வெச்சிருக்காங்க, சொத்துக்கு வழி வைக்கலை. அதனால ஹைகோர்ட்டுலதான் கேக்கணும். 2024ல கோமாவில் கிடந்த ஒருத்தர் சொத்தைப் பார்த்துக்க அவர் மனைவியையே காப்பாளரா சென்னை ஹைகோர்ட்டு நியமிச்சிருக்கு, அதைக் காட்டிக் கேக்கலாம்னார். எங்களுக்கு மதுரைக் கிளை. செலவும் அலைச்சலும் கணக்குப் போட்டோம். பணம் அங்கேயே கிடக்கட்டும்னு விட்டுட்டோம். ராத்திரியில அப்பாவைப் பார்த்துக்க ஒரு ஆள் போடலாம்னா மாசம் பணம் வேணும். அவர் சேர்த்த பணம் அவருக்கே உதவாம டவுன்ல தூங்குது. இது நான் தள்ளிப் போட்ட எட்டு மாசத்துக்கான கூலி. அந்த எட்டு மாசத்துல, "அப்பா, வேற எங்கயாவது பணம் போட்டிருக்கீங்களா"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பார்.

உயில் அவர் காலத்துக்குப் பிறகுதான். இப்பவும் பட்டா அவர் பேருல, சாகுபடி நான். அக்காவுக்கு அந்த நிலம் வந்த பிறகு குத்தகைக்கு விடுவாளோ, விப்பாளோ, அவ இஷ்டம். நான் கேக்கலை. கேக்க ஆசை இருக்கு, ஆனா கேக்கலை.

தீபாவளிக்குக் கேட்ட தம்பிக்கும், இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் சொல்றது இதுதான். பொங்கலுக்கு ஊருக்கு வருவீங்க. வந்ததும் பத்திரம் எங்கேன்னு ஆரம்பிக்காதீங்க. காலை நேரத்துல, கூடவே வயலுக்கு நடங்க. எந்த நிலம் எப்படி வந்துச்சுன்னு கேளுங்க, கதை மாதிரிச் சொல்லுவாங்க. எந்தெந்த பேங்க்ல கணக்கு இருக்கு, யார் நாமினி, எதுல ரெண்டு பேர் இருக்கு எதுல ஒரு பேர் இருக்குன்னு நோட்டுல எழுதுங்க. வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க. மறதி தெரிஞ்சா முதல்ல டாக்டர், அடுத்து வக்கீல், ரெண்டுக்கும் நடுவுல எட்டு மாசம் விடாதீங்க. கூடப் பிறந்தவங்க எல்லாரையும் ஒரே நாள்ல கூப்பிடுங்க, பொண்ணுங்களையும் சேர்த்து. வக்கீலுக்குக் காசு இல்லைன்னா தாலுகா கோர்ட்டுல இருக்கிற சட்டப்பணிகள் குழுவுல கேக்கலாம், பொண்ணுங்களுக்கு வருமானம் பார்க்காம இலவசமாப் பண்ணுவாங்க. முதியோருக்குன்னு 14567 போன் நம்பர் இருக்கு. கடைசியா, அவங்க சொல்றது உங்களுக்குப் பிடிக்காததா இருந்தாலும் அதையே எழுதுங்க.

அப்பா இப்ப என்னை "அண்ணே"ங்கிறார். பெரியப்பான்னு நினைச்சுக்கிறார். நானும் ஆமான்னுடுவேன். சில நாள் காலையில மண்வெட்டி கேக்கிறார், காம்பை மட்டும் கழட்டிக் கொடுக்கிறேன். கூடவே நடந்து போய் அந்த வித்த வயல் வரப்புல உக்கார வைக்கிறேன். வயல்காரர் ஒண்ணும் சொல்றதில்லை. "பெரியப்பா, தண்ணி போதுமா?"ன்னு கேப்பார். "போதும், மடைய அடைச்சிரு"ம்பார் அப்பா. அவரும் அடைக்கிற மாதிரி குனிஞ்சு நிமிர்வார்.

மழை விட்டிருக்கு. தண்ணி வடிஞ்சுதான்னு போய்ப் பார்க்கணும்.